ரஞ்சி அக்காவின் கோப்பிக்கு எத்தனை பாகை?

பட்டறைப் பிள்ளைகளே, கொக்குவில் ரஞ்சி அக்கா வீட்டுக் கோப்பி மெசினைப் போன கிழமை உங்களில் ஒருவர் திருத்தி அனுப்பியிருக்கிறீர்கள். யார் என்று கேட்கமாட்டேன். கேட்டால் ஆளாளுக்குக் கூரையைப் பார்ப்பீர்கள். தண்ணீர் ஒழுகுகிறது, றப்பர் வளையத்தை மாற்றித் தாருங்கள் என்றுதான் அவர்கள் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் வளையத்தை மாற்றியதோடு நிற்கவில்லை. நல்ல மனதோடு, கேட்காமலே, சூட்டை எண்ணில் காட்டும் சின்னப் பெட்டி ஒன்றையும் பூட்டி, தொண்ணூற்று மூன்று பாகை வரும்வரை பொறுத்துக் கோப்பியை இறக்குங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். அடுத்த நாள் விடிய எனக்கு ரஞ்சி அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது.

"தங்கச்சி, உம்மடை பிள்ளையள் எங்கடை கோப்பியைத் திருத்திப்போட்டுதுகள்."

"நல்லதுதானே அக்கா."

"நல்லதுதான். இப்ப குடிக்க ஏலாமல் கிடக்கு."

உங்கள் வேலையில் பிழை சொல்ல வரவில்லை. இணைப்புகளைக் கச்சிதமாகச் செய்திருப்பீர்கள். நானே அப்படித்தான் உங்களைப் பழக்கினேன். ஆனால் அந்த வீட்டு மெசினின் கதையைச் சொல்லாமலே பட்டறையை உங்கள் கையில் விட்டுவிட்டு வீட்டில் வந்து இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். ஆளுக்கொரு தேத்தண்ணியை வைத்துக்கொண்டு கேளுங்கள்.

முதலில், நேற்று வந்து சேர்ந்தவருக்கும் விளங்கும்படி தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை. இறுக்கி அமுக்கிய கோப்பித் தூளுக்குள்ளால் சுடுதண்ணீர் அழுத்தத்தோடு இறங்குகிறது. சூடு குறைந்தால் கோப்பி புளிக்கும், கூடினால் கைக்கும். இரண்டுக்கும் நடுவே சின்ன இடம் ஒன்று இருக்கிறது. அதைப் பிடித்துக் கொடுப்பதுதான் நமது வேலை. வீட்டு மெசினுக்குள் இருப்பதோ ஒரேயொரு சின்னப் பித்தளைப் பொயிலர், தண்ணீரைச் சுடவைக்கும் கலன். கோப்பிக்கும் அதுதான், பால் நுரைக்கிற நீராவிக்கும் அதுதான். நீராவிக்குக் கோப்பியை விடக் கூடிய சூடு வேண்டும். ஒரு பொயிலர் இரண்டு குடித்தனம் நடத்துவதால்தான் நமக்குச் சோறு கிடைக்கிறது.

நான் தொழில் பழகியது கொழும்பில். அங்கே எங்கள் தலைமை மெக்கானிக் கதை குறைந்த மனிதர். பழுதான மெசின் வந்தால், அது தரும் கோப்பியைக் குடித்துப் பார்க்காமல் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற விடமாட்டார். "வாயை வைக்காமல் கையை வைக்காதே" என்பார். ஒருநாள் நான் வாயை வைத்தேன். புளிப்பென்றால் அப்படியொரு புளிப்பு. சூடு போதவில்லை என்று அறிவித்துவிட்டு, சுருக்காகப் பொயிலரைக் கழற்றி மேசையில் பரப்பினேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "நேற்றுச் சுண்ணாம்பு எடுக்க எலுமிச்சை உப்புக் கரைத்து விட்டாயே, பிறகு கழுவினாயா?" என்று கேட்டார். கழுவவில்லை. பட்டறையில் இருந்த அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எலுமிச்சை உப்பைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பல் கூசும்.

பிறகு ஊருக்கு வந்து மருதனார்மடச் சந்திக்குப் பக்கத்தில் பட்டறை போட்டேன். மிக்ஸி, கேத்தல், நீரிறைக்கும் மோட்டர் என்று ஓடிய தொழிலில், வெளிநாட்டிலிருந்து ஊரோடு வந்தவர்களின் பெட்டிகளுக்குள்ளிருந்து கோப்பி மெசின்கள் இறங்கத் தொடங்கின. வீடுகளுக்குத் திருத்தப் போனால் கேற்றைத் திறப்பவர்கள் என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடுவார்கள். "திருத்திற ஆள் வரேல்லையோ?" நான்தான் அந்த ஆள் என்றால், ஒரு கணம் பேச்சு நின்றுவிடும். அந்த இடைவெளியில் நான் உள்ளே போய் ஆணியைக் கழற்றத் தொடங்கிவிடுவேன். உங்களில் இரண்டு பேர் பெண் பிள்ளைகள் என்பதால் இந்த வழியைச் சொல்லி வைக்கிறேன்.

இனிச் சிவபாதம் அண்ணை. ரஞ்சி அக்காவின் கணவர், ஆள் பனை உயரம். இத்தாலியில் பலெர்மோ நகரத்தில் அரைவாசி ஆயுளைக் கழித்துவிட்டு ஊரோடு வந்து, கொக்குவிலில் தாய் வீட்டைத் திருத்திக் கட்டினார். அங்கே கடையில் வாங்கிய மெசினை விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவர். ஒருநாள் அதைத் துவாயால் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"என்ன செய்யுது அண்ணை?"

"புளிக்குது."

குடித்துப் பார்த்தேன். புளிப்பு இல்லை. அவருக்கும் ஒரு கோப்பை கொடுத்தேன். குடித்தவர் குழப்பத்தில் முகத்தைச் சுருக்கினார்.

"இஞ்ச நல்லாத்தான் இருக்கு பிள்ளை. வீட்டை கொண்டுபோனாத்தான் புளிக்குது."

கொண்டுபோனார். இரண்டு நாளில் திரும்பக் கொண்டுவந்தார். அதே புளிப்பு, அதே துவாய். மூன்றாம் தரமும் வந்தபோது பட்டறைப் பெடியள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சும்மா இருக்கவில்லை.

"மெசினுக்கு உங்கடை வீடு பிடிக்கேல்லைப் போல அண்ணை."

அவர் சிரிக்கவில்லை. "மெசினுக்குப் பிடிக்காட்டிப் பரவாயில்லை பிள்ளை. ரஞ்சிக்குப் பிடிக்கவேணும்."

அவரை இருத்தித் தேத்தண்ணி ஊற்றப் போனேன். பால் பேணியைக் கண்டதும் கையைக் காட்டி மறித்தார். "பால் விடாதையும் பிள்ளை, பிளேன்ரீ காணும். சின்னனில அம்மா மூக்கைப் பிடிச்சுப் பருக்கினவ. அண்டைக்கு வெறுத்ததுதான்." பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டே விசயத்தைச் சொன்னார். ரஞ்சி அக்கா இன்னும் பலெர்மோவில்தான். மகனும் அங்கேதான். அக்கா அடுத்த மாதம் வருகிறார், ஆனால் திரும்பிப் போகும் ரிக்கற்றும் எடுத்துக்கொண்டு. இருக்க முடியும் என்று பட்டால் இருப்பார், இல்லையென்றால் போய்விடுவார்.

"அவ வீட்டையும் கேக்கேல்லை, வளவையும் கேக்கேல்லை. விடியக் கோப்பி மட்டும் அங்கத்தையான் மாதிரி இருக்கவேணும் எண்டவ. பகிடியாத்தான் சொன்னவ. ஆனால் எனக்கு அதைப் பகிடியா எடுக்க ஏலாமல் கிடக்கு. தனிய இருந்து பிளேன்ரீ குடிச்சு நான் அலுத்துப்போனன் பிள்ளை."

மெசினைத் திரும்பவும் துவாயால் சுற்றிக் கொடுத்தேன். "நாளைக்கு நீங்கள் கோப்பி குடிக்கிற நேரத்துக்கு நான் வீட்டை வாறன்" என்றேன்.

விடியப் போனேன். அண்ணை எழும்பியதும் செய்த முதல் வேலை, கிணற்று மோட்டரைப் போட்டது. அவர் வீட்டில் மட்டுமல்ல, அந்த ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் அந்த நேரத்துக்குத்தான் மோட்டர் ஓடுகிறது. தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றவேண்டும், வாழைக்கு இறைக்கவேண்டும். விடிந்தும் மோட்டர்ச் சத்தம் கேட்காத வீட்டைப் பற்றி மற்ற வீட்டார் கதை கட்டிவிடுவார்கள். அத்தனை மோட்டரும் மின்சாரத்தை இழுக்க, குசினி மின்குமிழ் மஞ்சளாகிச் சோர்ந்தது. மின்விசிறி எண்ணி எண்ணிச் சுற்றியது. அந்த மின்சாரத்தில் பொயிலர் எப்போது சூடேறுவது? அண்ணை மெசினைப் போட்டுவிட்டு முகம் கழுவப் போனார். பலெர்மோவில் அவர் முகம் கழுவி வரும் நேரத்துக்குள் சூடு ஏறிவிடும். இங்கேயும் அதே முகத்தைத்தான் கழுவினார், ஆனால் பொயிலர் இன்னும் பாதி வழியில் நின்றது. வந்தவர், சூடேறியதும் அணையவேண்டிய மெசின் விளக்கு அணைந்ததா என்றுகூடப் பார்க்காமல் கோப்பியை இறக்கினார்.

குடித்தேன். புளித்தது. மனதுக்குள் அவ்வளவு சந்தோசம்.

"அண்ணை, மெசின் சுகம். மோட்டருக்கு முதல் கோப்பி. இல்லாட்டி லைற் நூரும் மட்டும் பொறுங்கோ."

"என்ரை மோட்டரை நிப்பாட்டலாம். ஒழுங்கை முழுக்க நிப்பாட்டவோ?"

"கேட்டுப் பாருங்கோ" என்று பகிடியாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். பட்டறை மேசையில் நல்ல கோப்பி தரும் மெசின் வீட்டில் கெட்ட கோப்பி தருகிறது என்றால், அங்கே போங்கள். அதுவும் அவர்கள் குடிக்கிற நேரத்துக்குப் போங்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் போனால் எந்த வீட்டிலும் மின்சாரம் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.

ரஞ்சி அக்கா வரும் நாளும் வந்தது. அதற்கு முதல் நாள் அண்ணை பட்டறைக்கு வந்து நின்றார். கொழும்பிலிருந்து இரவுப் புகையிரதத்தில் வந்து விடியக் கொக்குவில் நிலையத்தில் இறங்குகிறாராம். நானும் வீட்டில் நிற்கவேண்டுமாம்.

"அண்ணை, நான் மெசின் திருத்திற ஆள். குடும்பம் திருத்திற ஆள் இல்லை."

"எனக்கு இப்ப ரெண்டும் ஒண்டுதான் பிள்ளை."

சரி என்றேன். விடியப் போய் ஒழுங்கைக்குள் திரும்பினால், என்னவோ குறைகிறது. ஒரு மோட்டர்ச் சத்தமும் இல்லை. காகம் கரைவது தெளிவாகக் கேட்கிறது. மனிதர் நான் சொன்ன பகிடியை நிசமாக்கியிருந்தார். வீடு வீடாகப் போய், ரஞ்சி வந்து கோப்பி குடிக்கும்வரை மோட்டரைப் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கொக்குவில் ஒழுங்கை ஒன்று ஒரு கோப்பைக் கோப்பிக்காகத் தண்ணீர் இறைக்காமல் இருந்தது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். என் கண்ணால் கண்டேன்.

ரஞ்சி அக்கா சின்ன உருவம். சுறுசுறுப்பான கண். வந்த களைப்போடே குசினி மேசையில் விரலை ஓட்டித் தூசு பார்த்தார். பெரிய பெட்டி விறாந்தையில் வார் போட்டு இறுக்கியபடி நின்றது. என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்.

"மெசின் திருத்தினவர் எங்க?"

"நான்தான் அக்கா."

தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "நல்லது" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். கரகரத்த, வேலை செய்த கை.

அண்ணை விளக்கு அணையும்வரை பொறுத்தார். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கழுவினார். நான் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றும் தவறவில்லை. தேன் நிறத்தில் நுரை மூடிக் கோப்பி இறங்கியது. அப்படியொரு கோப்பியை நான் ஐந்து நட்சத்திர விடுதிகளிலும் கண்டதில்லை. ரஞ்சி அக்கா ஒரு மிடறு குடித்தார். கோப்பையை மெதுவாகத் தட்டில் வைத்தார். யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"இஞ்சாரும், என்ன?"

"ஒண்டுமில்லை. நல்ல கோப்பி."

மனைவிமாரின் "ஒண்டுமில்லை" என்ன தரம் என்று கலியாணம் கட்டியவர்களுக்குத் தெரியும். அண்ணையின் முகத்தில் இருந்த வெளிச்சம் வடிந்துபோனது. மற்றக் கோப்பையை நான் வாங்கிக் குடித்தேன். குறை ஒன்றும் இல்லை. அந்த நேரம் பார்த்து வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் தலை தெரிந்தது.

"சிவபாதம் அண்ணை, குடிச்சாச்சோ? எங்கடை தாங்கி வெறுமையாக் கிடக்கு."

"கொஞ்சம் பொறும் பிள்ளை, கொஞ்சம் பொறும்." அண்ணை என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "சூட்டைக் கூட்டுவமோ? குறைப்பமோ? என்னவாவது செய்யும்."

என் கை ஆணி திருகிக்குப் போய்விட்டது. இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது தலைக்கு முன்னம் கை ஓடும். ஏதாவது செய்கிற மாதிரித் தெரிந்தால் போதும் என்று இருக்கும். அன்றைக்கு நான் மெசினைத் திறந்திருந்தால், மத்தியானம்வரை பித்தளைத் துண்டுகள் மேசையில் கிடந்திருக்கும். ரஞ்சி அக்கா பயணக் களைப்பில் படுத்திருப்பார். முதல் காலை அதோடு முடிந்திருக்கும், பெட்டி வாரோடேயே நின்றிருக்கும். கொழும்பு மெக்கானிக்கின் சொல் ஞாபகம் வந்தது. வாயை வைத்தாயிற்று. ஆனால் வைத்தது என் வாயை. குடிக்கப்போகிறவரோ முன்னால் இருக்கிறார். அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

திருகியைப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"அக்கா, உந்தக் கோப்பியை முந்தி எங்கையும் குடிச்சிருக்கிறியளோ?"

அவர் என்னை வியப்பாகப் பார்த்தார். "ஓம். நான் வேலை செய்த வீட்டில. அந்த வீட்டு அம்மா நல்ல சனம். துடைச்சுக் கூட்டி முடிய எனக்கும் ஒரு கோப்பை தருவா. உதே நிறம், உதே மணம். நல்ல கோப்பிதான் தங்கச்சி. ஆனால் உதைக் குடிச்ச உடனை வேலைக்கு ஏப்ரன் கட்டவேணும் போல கிடக்கு."

கதிரையை இன்னும் கிட்ட இழுத்தேன்.

"அப்ப வீட்டில குடிச்சது எப்பிடி இருக்கும்?"

ரஞ்சி அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "அதோ? அது வேறை. விடிய இருட்டோட நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதவடியில நிப்பன். இவர் முதல்ல பெடியனுக்குப் பாலை நுரைக்க வைப்பார். ஸ்ஸ்ஸ் எண்டு வீடு முழுக்கச் சத்தம். பெடியன் அந்தச் சத்தத்துக்குத்தான் எழும்புவான். பேந்து என்ரை கோப்பியைக் கெதியா இறக்கித் தருவார், பஸ் போயிடுமெண்டு. நாக்குச் சுடும். கருகல் மணக்கும். நிண்ட நிலையில குடிச்சிட்டு ஓடுவன்."

எனக்கு விளங்கிவிட்டது. உங்களுக்கும் விளங்கியிருக்கும். பால் நுரைக்க ஏற்றிய நீராவிச் சூடு ஆறமுன்னம், அதே பொயிலரில் கோப்பியை இறக்கியிருக்கிறார். அத்தனை வருடமும் மனைவிக்குத் தூளைக் கருக்கித்தான் கொடுத்திருக்கிறார்.

"அது பிழையான முறையோ பிள்ளை?" என்று அண்ணை மெல்லக் கேட்டார்.

"பிழைதான் அண்ணை. இப்ப அந்தப் பிழையை அப்பிடியே செய்யுங்கோ. பாலை நுரைக்க வையுங்கோ."

"ஆருக்கு? பெடியன் இல்லையே."

"எனக்கு. நான் குடிக்கிறன்."

நீராவி சீறியது. வேலிக்கு அப்பால் பொறுமை முடிந்து ஒரு மோட்டர் உறுமியது, பிறகு இன்னொன்று, பிறகு ஒழுங்கை முழுவதும். குசினி மின்குமிழ் மஞ்சளானது. பரவாயில்லை, பொயிலர் கோப்பிக்குத் தேவையான சூட்டுக்கு மேலேயே ஏறிவிட்டது. அண்ணை பால் கோப்பையை என்னிடம் நீட்டிவிட்டு, ஆறவிடாமல் மற்றதை இறக்கினார். துப்பிக்கொண்டு, புகைந்துகொண்டு, கறுப்பாக வந்தது. பட்டறையில் உங்களில் யாராவது அப்படி இறக்கியிருந்தால் வெளியில் அனுப்பியிருப்பேன்.

ரஞ்சி அக்கா எழும்பி நின்று வாங்கினார். நின்றபடியே குடித்தார்.

"ஓம்" என்றார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "இஞ்சாருங்கோ, உங்களுக்குக் கோப்பி போடத் தெரியாதெண்டு எனக்கு அங்கையே தெரியும்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் திருத்திப்போடுவியள்."

நான் பாலைக் குடித்து முடித்தேன். ரஞ்சி அக்கா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "மோட்டரைப் போடுங்கோ, நான் குளிக்கவேணும்" என்று சொல்லிக்கொண்டே விறாந்தைக்குப் போய்ப் பெட்டியின் வாரை அவிழ்த்தார். திரும்பிப் போகும் ரிக்கற் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் வரவில்லை. போன கிழமை எனக்குத் தொலைபேசி எடுத்தது அந்தக் குசினியிலிருந்துதான்.

எண்ணைப் படிக்கவேண்டாம் என்று சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். படியுங்கள். தொண்ணூற்று மூன்று எங்கே இருக்கிறது என்று தெரியாதவருக்கு, ரஞ்சி அக்காவின் கோப்பி அதிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் தெரியாது. எண் தெரிந்ததால்தான் அந்தப் பிழையை என்னால் கண்டுபிடிக்க முடிந்தது. ஆனால் ஆணியில் கை வைக்கமுன், இது யாருக்குச் சரியாக இருக்கவேண்டும் என்று கேளுங்கள்.

இனி, உங்களில் ஒருவர் போய் அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு வரவேண்டும்; எண் கண்ணில் படும்வரை அண்ணை அதற்கு ஆறவிட்டுத்தான் கோப்பியை இறக்குவார். விடியவே போங்கள். போனால் குசினியில் ஒரு காட்சி காண்பீர்கள். அதற்கும் ஆயத்தமாகப் போகவேண்டும் என்பதால் சொல்கிறேன்.

அன்றைக்கு நான் வெளிக்கிடும்போதே அண்ணையிடம் சொன்னேன், பால் தேவையில்லை, நீராவிச் சுவிச்சை மட்டும் போட்டால் பொயிலர் அதே சூட்டுக்கு வந்துவிடும் என்று. அவர் தலையை ஆட்டினார். "அவவுக்கு அந்தப் பால் சத்தமும் கேக்கவேணும் பிள்ளை" என்றார். பாலைக் கொட்டவும் ரஞ்சி அக்கா விடமாட்டார். ஆகவே அன்றிலிருந்து நாள் தவறாமல் அந்தப் பாலைக் குடிப்பவர் சிவபாதம் அண்ணைதான். இரண்டு விரலால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் குடிப்பார். பார்த்துச் சிரித்துவிடாதீர்கள்.